பதினொரு பிள்ளைகளின் குரல்

கடந்த ஆவணியில் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில், நான் பதினொரு பிள்ளைகளாக இருந்தேன். அவர்களில் நால்வர் பெண் பிள்ளைகள். எல்லாரிலும் சின்னவளுக்கு ஏழு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மீசை உண்டு, குரல் சந்தையில் மரவள்ளி விற்கிறவனுடைய குரல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் இதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் பரமேஸ்வரன். 'செவிக்கு ஒளி' நிலையத்தின் கிளிநொச்சி அலுவலகத்தில் கள உத்தியோகத்தர். செவிக்கு எப்படி ஒளி கொடுப்பது என்று நீங்கள் கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் கேட்டேன். பெயர்ப்பலகை எழுதி முடிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் பதினாறு வருடமாக அதே வேலையில் இருக்கிறேன்.

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் விசேட கல்வி அலகில், காது கேளாத பிள்ளைகள் பதினொரு பேர் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கைபேசி கொடுத்து, அதன் மூலம் வாசிக்கப் பழக்குவது எங்கள் செயற்றிட்டம். கைபேசிக்குள் ஒரு செயலி இருக்கும். பசுவின் படத்தைத் தொட்டால் 'பசு' என்ற எழுத்து வரும். பக்கத்தில் ஒரு பெண் சைகை மொழியில் பசுவைக் காட்டுவார். உண்மையைச் சொன்னால் நல்ல செயலி. எங்கள் நிலையம் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். அதையும் வேறு யாரோதான் செய்து கொடுத்தார்கள்.

கைபேசி வழங்கும் விழாவுக்குப் பணிப்பாளர் நல்லதம்பி வந்தார். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை எல்லாம் முடிந்து அவர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது பதினொன்றே கால். முன்வரிசையில் பதினொரு பிள்ளைகள். பக்கத்தில் நின்று சைகையில் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த அலகின் ஆசிரியை சுதாஜினி.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே," என்று பணிப்பாளர் தொடங்கினார். "எமது நிலையம் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியும் இந்தச் சமூகம் செவிமடுக்கவில்லை. எமது முயற்சிகள் செவிடன் காதில் ஊதிய சங்காகவே போயின. ஆனால் நாம் ஊதுவதை நிறுத்தவில்லை."

சுதாஜினி ரீச்சரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு எதையோ சுருக்கமாகக் காட்டினார். என்ன சொன்னீர்கள் என்று பின்னர் கேட்டேன். "அவர் இன்னும் கதைக்கிறார் எண்டு சொன்னனான்," என்றார்.

நாற்பதாவது நிமிடத்தில் பணிப்பாளர் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். பதினொரு பிள்ளைகளும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். பணிப்பாளருக்கு அது தெரியாது. போதும், போய்வாருங்கள் என்று சொல்வதாக நினைத்து, இன்னும் ஆறு தாள் கையில் இருக்க, முகம் கறுத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார். பிள்ளைகளின் மனதை எங்கள் நிலையம் சரியாக விளங்கிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

பதினொருவரில் யதுர்ஷிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வயது. தாய் தயாளினி மாங்குளம் சந்தியில் கச்சான் கடலை வறுத்து விற்கிறவர். வீட்டில் வேறு ஆள் இல்லை. பள்ளி விட்டு வந்தால் பிள்ளை தனியே இருக்கும். பொழுது சாயச் சாயப் பயம் வந்துவிடும். தாயைப் பார்க்க ஒழுங்கையால் ஓடிவந்து ஏ-9 வீதிக்கரையில் நிற்கும். மாசியில் ஒருநாள் லொறி ஒன்று பிரேக் பிடித்து வந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றதாம்.

"அவன் ஹோர்ன் அடிச்சவன் சேர். அவனில பிழை சொல்லேலாது," என்றார் தயாளினி. "நான் கடையில நிண்டு பாக்கிறன், கத்துறன். நான் கத்தி என்ன, அவன் அடிச்சு என்ன. இவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றப் பக்கம் பாத்தபடி நிண்டவள்."

கைபேசி வந்து மூன்றாம் மாதம் தயாளினிக்கு ஒரு யோசனை வந்தது. '6 மணிக்கு வாறன்' என்று பிள்ளைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். பிள்ளை செயலி முழுக்கத் தேடியும் 'வாறன்' என்று ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்? யதுர்ஷிகா எங்கள் பேச்சைக் காதால் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அச்சில் உள்ள தமிழ். ஆகவே வன்னியிலேயே தூய தமிழ் மட்டும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தயாளினி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சுதாஜினி ரீச்சரிடம் கேட்டு, அடுத்தநாள் 'ஆறு மணிக்கு வருவேன். வீட்டில் இரு' என்று அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'சரி. இருப்பேன்.'

"பிள்ளையோட கதைக்கிறதுக்கு நான் புத்தகத் தமிழ் படிக்கிறன் சேர்," என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகு யதுர்ஷிகா வீதிக்கு வரவில்லை. நான் அதைக் காலாண்டு அறிக்கையில் எழுதினேன். வீதி எங்கள் செயற்றிட்டத்தில் அடங்காது என்று வெட்டி அனுப்பினார்கள்.

ஆனியில் ஒரு சுற்றுநிருபம் வந்தது. கைபேசிகள் உண்மையில் பயன்படுகின்றனவா என்று கண்காணிக்க, வவுனியாவிலுள்ள கண்காணிப்புப் பிரிவு ஒவ்வொரு பயனாளிக்கும் மூன்று முறை அழைப்பு எடுக்கும். மூன்று முறையும் பதில் இல்லாவிட்டால் கருவி பயன்பாட்டில் இல்லை என்று கொண்டு, திருப்பி எடுக்கப்படும். இரண்டு முறை எடுத்தாயிற்று, பதினொருவரும் பதிலளிக்கவில்லை என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது.

வவுனியாவுக்கு எடுத்தேன். கண்காணிப்பு உத்தியோகத்தர் பிரஷாந்தினி என்ற இளம்பெண்.

"தங்கச்சி, அந்தப் பிள்ளையளுக்குக் காது கேளாது."

"ஓம் சேர், தெரியும். செயற்றிட்டத்தின்ர பேரிலயே கிடக்கு."

"அப்ப எப்பிடி அதுகள் போன் எடுத்துக் கதைக்கிறது?"

"அதைத்தான் சேர் நானும் எழுதியிருக்கிறன். பதினொரு பேரும் எடுக்கேல்லை எண்டு."

"காது கேளாதபடியால எடுக்கேல்லை எண்டு எழுதலாம்தானே?"

"படிவத்தில மூண்டு கட்டம்தான் சேர். பதிலளித்தார், பதிலளிக்கவில்லை, நிறுத்தப்பட்டுள்ளது. காது கேளாதவர் எண்டு முந்தி ஒரு கட்டம் இருந்தது. எல்லாருக்கும் கேளாதுதானே, பிறகென்னத்துக்கு எண்டு எடுத்துப் போட்டினம்."

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் நிலையத்தின் நியாயங்கள் எல்லாம் அப்படித்தான், யோசிக்க யோசிக்கச் சரியாகவே வரும்.

பணிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தொலைபேசி அழைப்புக்குப் பதிலளிப்பது பற்றிப் பயனாளிகளுக்கு அரைநாள் செயலமர்வு ஒன்றை நடத்தும்படி பணித்திருந்தார். நடத்தினேன். வெட்கம்தான், என்ன செய்வது. கைபேசி அதிர்ந்தால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும், காதில் வைக்க வேண்டும், முகத்தை மலர்ச்சியாக வைத்திருக்க வேண்டும் என்று பழக்கினேன். பிள்ளைகள் வெகு கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள். பன்னிரண்டு வயதுக் கோகுலன் கைபேசியைக் காதில் வைத்தபடி, ஒரு கையை முதுகில் கட்டி அங்குமிங்கும் நடந்து, பணிப்பாளர் மாதிரியே செய்து காட்டினான். பேசுவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாக வந்தது.

கடைசி அழைப்பு ஆவணிப் புதன். முதல்நாள் பின்னேரம் தயாளினி சந்தியில் என் மோட்டார் சைக்கிளை மறித்தார்.

"போனைத் திருப்பி எடுக்கப் போறீங்களாம், மெய்யோ?"

"இன்னும் முடிவில்லை, தங்கச்சி."

"எடுத்தியளெண்டா இவள் திரும்பவும் றோட்டுக்கு வருவாள் சேர்." ஒரு சுருள் கச்சானை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை பதினொரு கைபேசிகளையும் வாங்கி, பள்ளிக்கூட நூலக மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய துண்டு. முதலில் அதிர்ந்தது யதுர்ஷிகாவினது.

"வணக்கம், யதுர்ஷிகாவோ கதைக்கிறது?"

"ஓம் அக்கா," என்றேன், குரலை எவ்வளவு மெல்லியதாக்க முடியுமோ அவ்வளவு மெல்லியதாக்கி.

"சேருக்கு... இல்லை, யதுர்ஷிகாவுக்குத் தடிமனோ?" என்று கேட்டார் பிரஷாந்தினி.

"ஓம் அக்கா. மழைக்குள்ள நனைஞ்சுபோனன்." ஆவணியில் வன்னியில் மழை ஏது? ஆனால் படிவத்தில் மழைக்கும் கட்டம் இல்லை.

ஆறு கேள்விகள். செயலி பிடித்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள், இப்படி. நான்காவது கேள்வி, "நான் கதைக்கிறது உங்களுக்குத் தெளிவாகக் கேக்குதோ?" அது நிலையத்தின் எல்லாச் செயற்றிட்டங்களுக்கும் பொதுவான கேள்வியாம். தெளிவாகக் கேட்கிறது என்றேன். உண்மையில் தெளிவாகத்தான் கேட்டது.

ஐந்தாறு பிள்ளைகள் கழிய எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் வெட்கம் வைத்தேன், இன்னொன்றுக்குக் கொஞ்சம் வாய். கோகுலனாக இருந்தபோது, கேட்காமலே, வளர்ந்து விமானியாக வர ஆசை என்றேன். அவனுக்கு மோட்டார் சைக்கிள் திருத்தத்தான் ஆசையாம், பிறகுதான் தெரிந்தது. பதினாறு வருடமாக அலுவலகத்தில் வாய் திறக்காத மனிதன் அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினான்.

பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று என் வாய் போகிற போக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யதுர்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. சுதாஜினி ரீச்சரிடம் சைகையில் ஏதோ கேட்டாள்.

"ஆரோட கதைக்கிறீங்கள் எண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோ, பரவாயில்லை."

ரீச்சர் சொன்னார். யதுர்ஷிகா தன் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு என் வாயைக் காட்டினாள். பிறகு வெறுங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இப்ப என்ன சொல்லுறா?"

ரீச்சர் என்னைப் பார்க்காமல், "அடுத்த கோல் வருது, எடுங்கோ. பிறகு சொல்லுறன்," என்றார்.

பதினொருவரும் பதிலளித்ததாக அறிக்கை போனது. மூன்றாம் வாரம் கிளிநொச்சியில் கூட்டம் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"எட்டே மாதங்களில்," என்றார் பணிப்பாளர் நல்லதம்பி மேடையில், "காது கேளாத பதினொரு சிறார்களும் தொலைபேசியில் உரையாடுகிறார்கள். தெளிவாகக் கேட்கிறது என்கிறார்கள். வைத்தியர்களால் முடியாததை எமது படிவங்கள் சாதித்திருக்கின்றன. இது எவ்வாறு நிகழ்ந்தது என்று நான் ஆராயவில்லை. ஆராய்ந்து சாதனையைக் குறைத்துக்கொள்பவன் நல்ல நிர்வாகி அல்லன்."

சபை கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டில் பொன்னாடையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மூடப் போட்டார் மனைவி. அளவு சரியாக இருந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. மாங்குளத்துப் பயனாளிகள் செவிப்புலனை மீளப் பெற்றுவிட்டதால் அவர்கள் இனிச் செயற்றிட்டத்தில் அடங்க மாட்டார்கள். பதினொரு கைபேசிகளையும் திரட்டி, இன்னும் காது கேளாதவர்கள் உள்ள வேறொரு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குப் பொறுப்பானவர் கள உத்தியோகத்தர் பரமேஸ்வரன்.

பணிப்பாளரின் அறைக்கு ஓடினேன். "சேர், அண்டைக்கு போனில கதைச்சது பிள்ளையள் இல்லை. நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரமேஸ்வரன், இருமன் கதிரையில. நீர் இப்ப சொன்னது எனக்குக் கேக்கேல்லை. விளங்குதோ?"

"சேர், பிள்ளையளின்ர போன்..."

"பதினொரு பேருக்கும் காது கேக்குது எண்டு கொழும்புக்கு எழுதியாச்சு. இனித் திரும்பக் கேளாமல் போனால் அது எங்கட காலத்தில நடந்த பின்னடைவு எண்டு வரும். சாதனையைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு எங்களிட்டைப் படிவம் இல்லை, ஐசே. நீர் போய் போனுகளைச் சேர்த்துக்கொண்டு வாரும்."

போனேன். என்னைப் போன்றவர்கள் போவார்கள். பத்துப் பிள்ளைகள் கைபேசியைத் தந்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். கோகுலன் கொடுக்கும்போது ஒருமுறை காதில் வைத்து, முகத்தை மலர்ச்சியாக்கி, பிறகு பெட்டிக்குள் போட்டான்.

யதுர்ஷிகா அன்று பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தயாளினி வாசலில் நின்றார். நான் மீளளிப்புப் படிவத்தைப் பிள்ளையிடம் நீட்டி, கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினேன்.

இங்கே என் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் படிவத்திலும் 'பயனாளியின் கருத்து' என்று ஒரு பகுதி இருக்கும். களத்தில் நேரம் வீணாகக் கூடாது என்று, அதை நான் அலுவலகத்திலேயே தேநீர் வேளையில் நிரப்பிவிடுவேன். 'மிக்க திருப்தி.' பதினாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு நான் மிக்க திருப்தி எழுதியிருக்கிறேன். கிணறு வற்றியவருக்கும் எழுதியிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்கள்.

யதுர்ஷிகா கையெழுத்து வைக்கவில்லை. படிவத்தை வாங்கி, மேலிருந்து விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். எட்டு மாதமாக அவளுக்கு வாசிக்கப் பழக்கிய நிலையத்தின் உத்தியோகத்தன் நான். அவள் வாசிப்பாள் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

விரல் 'மிக்க திருப்தி'யில் வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்தாள். அந்த இரண்டு சொற்களையும் கோடு போட்டு வெட்டி, கீழே எழுதினாள். எழுதி முடிய வெகுநேரம் சென்றது.

'திருப்தி இல்லை. தொலைபேசியில் பேசியது நான் அல்ல. மாமா. கேள்வியை எழுதி அனுப்புங்கள். நான் வாசிப்பேன்.'

தயாளினி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என்ன சேர் இது, நீங்களோ கதைச்சனீங்கள்?" என்றார். நான் ஓம் என்றேன். என் சொந்தக் குரலில்.

வாசிப்புச் செயற்றிட்டம் ஒன்றில் பணிப்பாளர், இணைப்பாளர், கண்காணிப்புப் பிரிவு, நான், இத்தனை பேர் இருந்தும், அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கும்படி ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கச்சான் விற்கிற தயாளினிக்குத் தோன்றியது. எனக்கு அழுகை வந்தது, அதையும் மறைக்கத் தெரியவில்லை.

கைபேசியை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். படிவத்தைப் பணிப்பாளருக்கு அனுப்பாமல் நேரே வவுனியாவுக்கு, பிரஷாந்தினிக்கு அனுப்பினேன். 'குரல் என்னுடையது' என்று கீழே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். மூன்றாம் நாள் அவர் எடுத்தார்.

"சேர், படிவத்தில 'தொலைபேசி மூலம் பதிலளித்தார்' எண்டுதான் கிடக்கு. வாயால எண்டு எங்கயும் இல்லை. நான் வடிவாப் பாத்திட்டன். ஆறு கேள்வியையும் மெசேஜில அனுப்பினனான். யதுர்ஷிகா பதில் அனுப்பியிருக்கிறா. மற்றப் பத்துப் போனையும் பிள்ளையளிட்டைத் திருப்பிக் குடுங்கோ, அவைக்கும் அனுப்போணும்."

"பணிப்பாளர் என்ன சொல்லுறார்?"

"உங்கட பொன்னாடையைத் திருப்பி ஒப்படைக்கட்டாம்."

இன்னும் அனுப்பாமல் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். முறிகண்டி தாண்டும்போது கைபேசி அதிர்ந்தது. யதுர்ஷிகாவின் பதில்களைப் பிரஷாந்தினி எனக்கும் அனுப்பியிருந்தார். வீதிக்கரையில் நிறுத்தி வாசித்தேன்.

நான்காவது கேள்வி: நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?

'கேட்காது. வாசித்தேன்.'

ஆறாவது கேள்வி: கள உத்தியோகத்தரின் சேவை பற்றி உங்கள் கருத்து என்ன?

'மாமா நல்லவர். என்னைக் கேட்கவில்லை. ஏன் என்று அன்று கையால் கேட்டேன். மாமாவுக்குக் கேட்கவில்லை.'